அண்ணன் விட்ட இடைவெளிகள்

என் அண்ணன் கம்பம் ஊரில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்தார். மாடியில் அவர் பாடம் எடுத்தால் கீழே சைக்கிள் நிறுத்துமிடத்தில் நிற்பவனுக்கும் தேற்றம் மனப்பாடமாகிவிடும் என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள். வீட்டிலும் அதே தொண்டைதான். அனுமந்தன்பட்டியில் அவருடைய தெருவுக்குள் என் வண்டி திரும்பும்போதே, அவர் யாரிடமோ பேசிக்கொண்டிருப்பது கேட்கும். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. மதுரையில் அறுவை சிகிச்சை செய்து குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். கழுத்தின் அடியில் மூச்சு விட ஒரு துளை வைத்தார்கள். அதோடு அவருடைய சத்தம் நின்றுபோனது.

முதல் சில மாதங்கள் பேப்பரில் எழுதிக் காட்டினார். அது அவருக்குப் பிடிக்கவே இல்லை. எதிரில் இருப்பவர் கண்ணை இடுக்கி வாசித்து முடிக்கும்வரை அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அடுத்த அறையில் இருக்கும் மனைவியைக் கூப்பிடக் கதவைத் தட்ட வேண்டும். ஒரு நாள் அண்ணி குளித்துக்கொண்டிருந்தபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இவர் ஓடிப்போய் அணைத்துவிட்டார். ஆனால் அதைச் சொல்ல வாய் திறந்து, காற்று மட்டும் துளை வழியாக வந்ததில், அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். அண்ணி வந்து பார்த்தபோதும் எழுந்திருக்கவில்லை.

நான் அவருடைய தங்கை, உத்தமபாளையத்தில் இருக்கிறேன். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதிக் கொடுப்பது என் வேலை. என்னுடைய பழைய லேப்டாப்பை அவருக்குக் கொடுத்து, அதில் தமிழ் பேசும் கம்ப்யூட்டர் குரல் ஒன்றைப் போட்டுத் தந்தேன். சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் அவர் தட்டி வைத்தால், நான் எழுதிய சின்னப் புரோகிராம் அதை வரி வரியாக எடுத்துச் சத்தமாகச் சொல்லும். முடிந்ததும் டிங் என்று ஒரு மணி அடிக்கும். அலங்காரமான எடிட்டர் எதுவும் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். எழுத்தும் குறியும் மட்டும் போதும்.

குறிகளை நாங்கள் இருவரும் உட்கார்ந்து முடிவு செய்தோம். வரியின் முன்னால் நட்சத்திரக் குறி போட்டால் சாதாரணப் பேச்சு. கூட்டல் குறி போட்டால் சத்தமாக, நிறுத்தி நிதானமாக. கழித்தல் குறி போட்டால் மெதுவாக, காதோடு சொல்வதுபோல. ஒரு வரியை வெறுமையாக விட்டால் ஒரு மூச்சு நேரம் மௌனம். இரண்டு வரி விட்டால் இரண்டு மூச்சு. வார்த்தைகளுக்கு நடுவில் கூடுதலாக ஸ்பேஸ் தட்டினால் சின்னத் தயக்கம்.

இந்த வெற்று வரிகளை அவர் பயன்படுத்திய விதம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பாரே, அதே போலக் காத்திருந்தார். "கேட்டை யார் திறந்து போட்டது" என்று மிஷின் கத்தும். பிறகு ஒரு நீண்ட மௌனம். அண்ணி அடுக்களையிலிருந்து, "நாந்தேன், நாந்தேன், இந்தா பூட்டுறேன்" என்று வந்த பிறகு, மெல்லிய குரலில், "மாடு உள்ள வந்துருச்சு" என்று வரும். குரல் யாருடையதோ. ஆனால் கேட்கும்போது அது அண்ணன்தான். அண்ணிகூட அந்தக் குரலிடம் சண்டை போட ஆரம்பித்திருந்தார்.

இப்படி ஒரு வருஷம் ஓடியது. அவருடைய மகளுக்குக் கம்பத்திலேயே ஒரு மாப்பிள்ளை அமைந்தது. திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம். பையன் தேனியில் வேலை பார்க்கிறான். நிச்சயதார்த்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை வீட்டில். அதற்கு முந்தைய வாரம் மதுரையில் அண்ணனுக்கு வழக்கமான பரிசோதனை. டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, இன்னொரு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார். எடுத்தார்கள். ரிசல்ட் நிச்சயதார்த்தம் முடிந்த பிறகுதான் வரும். திரும்பி வரும்போது காரில் நானும் இருந்தேன். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும் அண்ணன் மடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்துத் தட்டத் தொடங்கினார். நிச்சயத்தில் பெண்ணின் அப்பாவாக நாலு வார்த்தை பேச வேண்டும், அதைத்தான் எழுதுகிறார் என்று அண்ணி என் காதில் சொன்னார்.

அந்த வாரம் முழுவதும் எழுதினார். அழித்தார், எழுதினார். வெற்று வரிகளைக் கூட்டினார், குறைத்தார். வெள்ளிக்கிழமை அவரும் அண்ணியும் மட்டும் இருக்கும்போது ஒரு தடவை ஓடவிட்டுக் கேட்டிருக்கிறார்கள்.

அதற்கு நடுவில் அவர் என்னிடம் ஒன்று கேட்டிருந்தார். ஒரே ஃபைலில் வீடு, ஆஸ்பத்திரி, கடை, நிச்சயம் என்று தலைப்பு போட்டுப் பிரித்துக்கொள்ள வேண்டும். பேசி முடித்த வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் விழ வேண்டும். சொன்னதையே திரும்பச் சொல்லிவிடுகிறாராம். நியாயமான ஆசை. ஆனால் டிக் போட வேண்டுமென்றால் புரோகிராம் ஃபைலைப் படித்தால் மட்டும் போதாது, திரும்ப எழுதியும் வைக்க வேண்டும். இம்மாதிரிக் குறிகள் போட்ட டெக்ஸ்டைப் பிரித்துப் புரிந்துகொண்டு மறுபடி எழுதித் தர, எல்லோரும் பயன்படுத்தும் ரெடிமேட் நிரல் ஒன்று இருக்கிறது. அதை எடுத்துச் சேர்த்தேன். தலைப்புகள் சரியாகப் பிரிந்தன, டிக் விழுந்தது. சனிக்கிழமை காலையில் அவருடைய லேப்டாப்பில் அதைப் போட்டுவிட்டு, கடைக்குப் போக வேண்டுமென்று கிளம்பி வந்துவிட்டேன்.

மத்தியானம் அண்ணி போன் செய்தார்.

"ஏத்தா, நீ ஒரு எட்டு வந்துட்டுப் போறியா? அவுக ஒரு மாதிரி உக்காந்துருக்காக."

"என்ன அண்ணி, மூச்சு முட்டுதா?"

"அதெல்லாம் இல்ல. லேப்டாப்ப மூடித் தள்ளி வச்சுட்டாக. நிச்சயத்துக்கு நான் வரல, நீங்க போயிட்டு வாங்கன்னு பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டாக. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

நான் போனபோது அண்ணன் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். லேப்டாப்பைத் திறந்தேன். அவர் மறுபடி ஒருமுறை ஒத்திகை பார்க்க ஓடவிட்டிருக்கிறார். புரோகிராம் முதல் வரியைப் பேசியதும் டிக் போட்டு, ஃபைல் முழுவதையும் புதிதாக எழுதி வைத்துவிட்டது. டிக்கைத் தவிர வேறு எதையும் அது மாற்றியிருக்கக் கூடாது. ஆனால் அந்த ரெடிமேட் நிரலின் கண்ணுக்கு நட்சத்திரமும் கூட்டலும் கழித்தலும் ஒன்றுதான். மூன்றுமே பட்டியல் குறி. எல்லாவற்றையும் கழித்தலாக மாற்றி வைத்திருந்தது. அடுத்தடுத்து எத்தனை வெற்று வரி இருந்தாலும் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் துடைத்திருந்தது. கூடுதல் ஸ்பேஸ் எல்லாம் போயிருந்தது. ஒரு வார்த்தைகூடக் காணாமல் போகவில்லை. பார்க்க முன்பைவிடச் சுத்தமாக இருந்தது.

ஓடவிட்டேன். முழுப் பேச்சும் ஒரே முணுமுணுப்பாக, ஒரே வேகத்தில், எங்கும் ஒரு மூச்சுக்கு மேல் நிற்காமல் போய் முடிந்து டிங் என்றது. ரேஷன் கடையில் விலைப் பட்டியல் வாசித்தது போல இருந்தது.

அண்ணன் திரும்பாமலே பக்கத்தில் கிடந்த பேப்பரை என் பக்கம் தள்ளினார். ஓரத்தில் எழுதியிருந்தார்: "இது நான் பேசுனதில்ல." அதற்குக் கீழே, அழுத்தி: "தொண்டைய டாக்டர் எடுத்தாரு. மிச்சத்த இது எடுத்துக்கிருச்சு."

"அண்ணே, நான் சரி பண்ணித் தர்றேன். மறுபடியும் குறி போட்டுத் தாங்க. வார்த்தையெல்லாம் அப்படியே இருக்கு."

பேனாவை எடுத்தார். "எங்கன எவ்வளவு விட்டேன்னு எனக்கு ஞாபகம் இல்ல. ஒரு வாரம். இனிமே வராது." பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பழைய பிரதி எங்காவது இருக்குமா என்று லேப்டாப்பைக் குடைந்தேன். என் வேலையில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முந்தைய பிரதி தானாகப் பத்திரமாகும். இங்கே அப்படி எதையும் நான் அமைத்திருக்கவில்லை. ஒரே ஃபைல், அதன் மேலேயே எழுதியாகிவிட்டது. அழிந்ததை மீட்கும் வழிகள் எனக்குத் தெரிந்த வரை எல்லாவற்றையும் பார்த்தேன். எதுவும் கிடைக்கவில்லை. நாளைக்கு நிச்சயம். அடுத்த நாள் ஸ்கேன் ரிசல்ட். அந்த அறையில் உட்கார்ந்து கண்ணுக்கு முன்னால் அந்தச் சுத்தமான ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரிசல்ட் என்னவாக வந்தாலும், இவர் இனிமேல் பேச மாட்டார் என்று தோன்றிவிட்டது.

அண்ணி காபி கொண்டுவந்து வைத்தார். கண் சிவந்திருந்தது. "நேத்து எம்புட்டு நல்லா இருந்துச்சு தெரியுமா. கேட்டு என் தங்கச்சி அழுதுட்டா" என்றார்.

"உங்க தங்கச்சி எப்படிக் கேட்டாக? அவுக கட்டப்பனையிலல்ல இருக்காக?"

"நாந்தேன் போன்ல பிடிச்சு அனுப்பினேன். லீவு கெடைக்கல, நிச்சயத்துக்கு வர முடியாதுன்னா. சரி, இதையாச்சும் கேளுன்னு."

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அவருடைய போனை வாங்கித் தேடினேன். இருந்தது. பின்னணியில் ஃபேன் ஓடும் சத்தம், தெருவில் வாழைத்தார் லாரி போகும் சத்தம், நடுவில் அண்ணனின் பேச்சு முழுவதும். உரக்க வேண்டிய இடத்தில் உரக்க, மெல்ல வேண்டிய இடத்தில் மெல்ல.

அந்தப் பதிவை லேப்டாப்பில் ஏற்றினேன். சத்தம் இருக்கும் இடம் திரையில் மலை போல எழும்பித் தெரியும். மௌனம் தட்டையான கோடு. ஒரு வெற்று வரிக்கு எவ்வளவு நேரம் மௌனம் என்பது புரோகிராமில் நானே வைத்த கணக்கு. கோட்டின் நீளத்தை அளந்தால் எத்தனை வெற்று வரி என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு வாக்கியமாகக் கேட்டேன், அளந்தேன், என்டர் தட்டினேன். உரத்த வரிக்குக் கூட்டல். மெல்லிய வரிக்குக் கழித்தல். சாதாரண வரிக்கு நட்சத்திரம், தயக்கத்துக்குக் கூடுதல் ஸ்பேஸ். லாரி போன இடத்தில் மட்டும் மௌனம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. அந்த இடத்தை அண்ணியைக் கேட்க வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, உதட்டால் வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்து, "இங்கன அவுக என்னையத் திரும்பிப் பாத்தாக. பெறகுதேன் அடுத்தது வந்துச்சு" என்றார். அந்தப் பார்வை நேரத்துக்கு இரண்டு வரி விட்டேன்.

ஃபைல் திரும்பி வந்துவிட்டது. ஆனால் அதே புரோகிராமில் ஓடவிட்டால் முதல் டிக்கிலேயே மறுபடி எல்லாம் போய்விடும். டிக்கே வேண்டாம் என்று பழைய புரோகிராமைத் திரும்பப் போட்டிருக்கலாம். போடலாமா என்று கேட்டேன். அண்ணன் அப்போதும் ஜன்னல் பக்கம்தான். அவருக்குத் தன் எழுத்தை ஒரு மிஷினிடம் கொடுப்பதிலேயே நம்பிக்கை போயிருந்தது. அந்த நம்பிக்கை திரும்ப வராமல் ஃபைல் மட்டும் வந்து என்ன பயன். ரெடிமேட் நிரலைத் தூக்கிப் போட்டுவிட்டு நானே ஒன்று எழுத உட்கார்ந்தேன்.

அதன் வழி எளியதுதான். அர்த்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடக் கூடாது. ஒவ்வொரு வரியைப் படிக்கும்போதும் அது எந்தக் குறியில் தொடங்கியது, அதற்கு முன்னும் பின்னும் எவ்வளவு வெற்றிடம், வரி எப்படி முடிந்தது என்று எல்லாவற்றையும் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும். திரும்ப எழுதும்போது, டிக் விழும் இடத்தை மட்டும் தொட்டுவிட்டு, மீதியை அவர் தட்டியது எப்படியோ அப்படியே இறக்கி வைக்க வேண்டும். இதற்குச் சோதனையும் எளிது. எதையும் மாற்றாமல் ஒருமுறை படிக்க வைத்து, ஒருமுறை எழுத வைத்து, இரண்டையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். ஒரு புள்ளி மாறியிருந்தாலும் தோல்வி.

சோதனை தோற்றுக்கொண்டே இருந்தது. அந்த ரெடிமேட் நிரல் தொடாமல் விட்ட சில இடங்களில் அவர் ஸ்பேஸுக்குப் பதிலாக டேப் கீயைத் தட்டியிருந்தார், நான் அதை ஸ்பேஸாக எழுதியிருந்தேன். அதைத் திருத்தினால் வரி முடிவுகள் மாறின. அதையும் திருத்தினேன். பிறகு ஒரு இடத்தில், "கொஞ்சம்" என்ற வார்த்தையில், வித்தியாசம் இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே வார்த்தை. கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. வெகு நேரம் கழித்துத்தான் பிடிபட்டது. 'கொ'வில் வரும் கொம்பையும் காலையும் கம்ப்யூட்டருக்குள் ஒரே குறியாகவும் வைக்கலாம், தனித்தனியாகவும் வைக்கலாம். அண்ணனின் கீபோர்டு தனித்தனியாக வைத்திருந்தது. என் புரோகிராம் நல்லது செய்வதாக நினைத்து இரண்டையும் சேர்த்துவிட்டிருந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை. இருந்தாலும் அதையும் அவர் வைத்தபடியே விட வைத்தேன். தெரியாது என்று ஒரு இடத்தில் விட்டால் அடுத்த இடத்திலும் விடுவேன் என்று பயமாக இருந்தது.

சாயங்கால ஜெபத்துக்குச் சர்ச்சில் மணி அடித்தபோது திரையில் "வித்தியாசம் இல்லை" என்று வந்தது.

"அண்ணே, ஒரு தடவ பாருங்க. உங்களுக்கு நம்பிக்கை இல்லைன்னா நான் இதைத் தூக்கிக்கிட்டுப் போயிடுறேன்."

அவர் எழுந்து வந்து உட்கார்ந்ததே பெரிய விஷயம். பேச்சைத் தொடவில்லை. புதிதாக ஒரு ஃபைல் திறந்து, மட்டமான பையன் எழுதிய பரீட்சைத் தாள் போலக் கன்னாபின்னாவென்று தட்டினார். தலைப்புக்கு நடுவில் டேப், குறிக்குப் பிறகு நிறைய ஸ்பேஸ், ஒரு நட்சத்திரம், உடனே ஒரு கூட்டல், கீழே பெரிய வெற்றிடம். ஓடவிட்டார். டிக் விழுந்தது. கர்சரை ஒவ்வொரு இடமாக நகர்த்தி எண்ணிப் பார்த்தார். இன்னும் மோசமாக ஒன்று எழுதினார். அதையும் பார்த்தார். அவர் வகுப்பில் விடைத்தாள் திருத்தும்போது இருக்கும் முகம் அது. அந்த முகத்தைப் பார்த்து எவ்வளவோ நாள் ஆகியிருந்தது.

பிறகுதான் பேச்சைத் திறந்து, ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டார். முடிந்ததும் தட்டினார். மிஷின் சொன்னது: "கடைசில ஒரு எடம் தப்பு. பேச்சு முடிஞ்ச ஒடனே டிங்குங்குது. நான் அங்கன எடம் விட்டுருந்தேன்."

அண்ணி கையைப் பிசைந்தார். "பேசி முடிச்சாச்சுன்னு நான் போன நிப்பாட்டிட்டேங்க."

அண்ணன் அவரைப் பார்த்துவிட்டு, தானே கீழே போய் என்டர் தட்டினார். எத்தனை என்று நான் பார்க்கவில்லை.

மறுநாள் கம்பத்தில் மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் பந்தல். ஒரே சத்தம். உறவுக்காரர்கள், பங்குச் சாமியார், குழந்தைகள். லேப்டாப்புக்கு முன்னால் மைக்கை வைத்தார்கள். அண்ணன் வேட்டி சட்டையில், கழுத்துத் துளைக்கு மேல் வெள்ளைத் துணி கட்டி நின்றார். கீயைத் தட்டினார். முதலில் வணக்கம், சாமியாருக்கு நன்றி, சம்பந்திகளுக்கு நன்றி. பிறகு உரத்த குரலில், "எம் மகள நான் சத்தமாத்தேன் கூப்பிட்டு வளத்தேன்" என்று வந்தது. அதன் பிறகு மௌனம்.

மௌனம் நீண்டது. ஒரு குழந்தை அழுதது. மாப்பிள்ளையின் சித்தப்பா எழுந்து, "மிஷினு நின்னுருச்சு போல, ஆரு பாக்குறது?" என்று லேப்டாப் பக்கம் வந்தார். அண்ணன் அவரைப் பார்த்து உள்ளங்கையை உயர்த்தினார். சித்தப்பா அப்படியே நின்றார். பந்தலும் அடங்கியது.

மெல்லிய குரல் வந்தது. "இனிமே என்னால கூப்பிட முடியாது. நீங்கதேன் கூப்பிடணும். கொஞ்சம் சத்தமாவே கூப்பிடுங்க. அவளுக்கு அதுதேன் பழக்கம்."

மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மகள் எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். ரொம்ப நேரம் கழித்துத்தான் டிங் என்றது.

திங்கட்கிழமை ரிசல்ட் வந்தது. கட்டி திரும்ப வந்திருந்தது, நெஞ்சுக்குள்ளும் இறங்கியிருந்தது. கல்யாணத்தை முன்னால் இழுத்து அனுமந்தன்பட்டிச் சர்ச்சிலேயே முடித்தோம். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். பேசவில்லை, பேச வேண்டியதைப் பேசியாகிவிட்டது என்று தட்டினார்.

இப்போது மதுரையில் மருந்து ஏற்றுகிறார்கள். ஏற்றிய பிறகு விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. கை நடுங்குகிறது. ஒரு ஸ்பேஸ் தட்ட நினைத்தால் நான்கைந்து விழுகிறது, என்டரில் விரல் அழுந்தி நின்றுவிடுகிறது. என் புரோகிராம் ஒன்றையும் தள்ளுவதில்லை. "தண்ணி" என்று சொல்லிவிட்டு மிஷின் மௌனமாகிவிடும். "குடு" வருவதற்குள் அண்ணி டம்ளரோடு நின்றுகொண்டிருப்பார்.

போன வாரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணி கேட்டார். "ஏத்தா, அவுக வேணும்னு விடுற எடத்த மட்டும் வச்சுக்கிட்டு, கை நடுங்கி விழுகுறத எடுத்துர முடியாதா? கேக்க முடியல. மூச்சுத் திணறிப் பேசுற மாதிரியே இருக்கு."

எது எது என்று எனக்குத் தெரியாது. ஃபைலை எவ்வளவு பார்த்தாலும் தெரியாது. உள்ளே போய் அண்ணனிடமே கேட்டேன். அவர் கட்டிலில் சாய்ந்தபடி, இரண்டு கையாலும் விசைகளைத் தேடித் தேடித் தட்டினார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்துக் கட்டில்காரர் கஞ்சி குடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"எல்லாம்" என்றது மிஷின். பிறகு எதுவும் இல்லை. பிறகு, "நாந்தேன்." இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "விட்ருத்தா."

சரி அண்ணே என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் லேப்டாப்பை மூடாமல் அவர் மடியிலேயே விட்டுவிட்டு, அவர் சொன்னதை அண்ணியிடம் சொல்ல வெளியே வந்தேன்.